திருச்சியிலிருந்து கோடியக்கரைக்குச் சைக்கிளில்: குளிப்பதைவிடக் காய்வது முக்கியம்

பொங்கல் முடிந்த கையோடு திருச்சியில் கிளம்பி, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை ஐந்து நாள் சைக்கிள் பயணம் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அக்காவும் கூட வருகிறார். போன முறை வேளாங்கண்ணிக்குப் போனபோது இரண்டாம் நாளே தொடை இடுக்கு புண்ணாகி, ஊர் திரும்பிய பிறகும், இன்றுவரை, அரிப்பு விடவில்லை. இந்த முறை என்ன க்ரீம் வாங்கி வைத்துக்கொள்வது, குளியலுக்கு என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

நான் மருந்தாளுநர். டெல்டாவில்தான் கடை, சைக்கிளும் இங்கேதான் ஓட்டுகிறேன். க்ரீம் பற்றி நிறையவே சொல்ல இருக்கிறது, ஆனால் அது இரண்டாவது. நம் ஊரில் குளிக்கத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, காய்வதற்குத்தான் பஞ்சம். நாலு கிலோமீட்டருக்கு ஒரு ஆறோ வாய்க்காலோ வந்துகொண்டே இருக்கும். காற்றில் ஈரமும் அதே அளவுக்கு இருக்கும். உடம்பும் துணியும் முழுக்கக் காயாமலே மறுபடி சீட்டில் ஏறுவதுதான் இங்கே பாதித் தோல் தொல்லைக்குக் காரணம்.

தோலின் மேல் அடுக்கு ஈரத்தில் ஊறினால் மெத்தென்று ஆகிவிடும். காய்ந்த தோலைவிட ஊறிய தோலில் உராய்வு அதிகம். அதன்மேல் துணியும் சீட்டும் மணிக்கணக்கில் தேய்த்தால் முதலில் சிவக்கும், பிறகு உரியும். உரிந்த இடத்திலும் மயிர்க்காலிலும் கிருமி புகுந்தால் கொப்புளமோ கட்டியோ வரும். இடுக்கில் சூடும் ஈரமும் நாள் முழுக்க நின்றால் படர்தாமரைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆக, புண், கட்டி, அரிப்பு மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

இன்னொன்று, டெல்டா தட்டையான பூமி. மேட்டுப் பாதையில் ஓட்டுகிறவர் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிப்பார், அந்தச் சமயம் பின்புறத்துக்குக் காற்றும் ஓய்வும் கிடைக்கும். இங்கே கல்லணையில் உட்கார்ந்தால் கும்பகோணம் வரை எழ வேண்டிய அவசியமே இல்லை. அதனால் நீங்களாகவே கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இருபது முப்பது விநாடி ஓட்டுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்கிறவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் மூன்றாம் நாள் வித்தியாசம் தெரியும்.

நேரம் பார்த்துப் போவது அடுத்தது. 1930இல் ராஜாஜியோடு உப்புச் சத்தியாகிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் ஏறக்குறைய உங்கள் பாதைதான். சுமார் 240 கிலோமீட்டர், ஏப்ரல் 13ஆம் தேதி கிளம்பி 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள், அதுவும் சித்திரை வெயிலில். நீங்கள் தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. வெயில் தாங்கும்படி இருக்கும், மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனால் தையில் பனி உண்டு. ராத்திரி லாட்ஜ் மாடியில் காயப்போட்ட ஷார்ட்ஸ், விடிகாலையிலும் ஈரத்தோடுதான் இருக்கும். பெரும்பாலானவர்கள் சாயங்காலம் ரூமுக்குப் போய்த் துவைக்கிறார்கள், காலையில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். உங்களுக்குப் போன முறை வந்த தொல்லையும் இப்படித் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

எனவே துவைப்பதை மதியத்துக்கு மாற்றுங்கள். ஆறரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குள் நாற்பது கிலோமீட்டர் சாதாரணமாக வந்துவிடலாம். அங்கேயே நிறுத்தி, குளித்து, காலையில் போட்ட ஷார்ட்ஸையும் பனியனையும் துவைத்து, உச்சி வெயிலில் விரித்துவிடுங்கள். சாப்பாடு, ஒரு சின்னத் தூக்கம். மூன்று மணிக்கு அது மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். மிச்சத் தூரத்துக்கு இரண்டாவது ஷார்ட்ஸைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஷார்ட்ஸ் போதும், மூன்றாவது வெறும் சுமை.

திருவையாறு தொடங்கி கும்பகோணம் வரை வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் இருப்பதால் பம்புசெட் ஓடிக்கொண்டிருக்கும். வயல்காரரிடம் "ஐயா, குளிச்சுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மறுப்பவர் அபூர்வம். குளிக்கும் முன் தொட்டியைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். மருந்தடிக்கும் தெளிப்பானை அங்கே கழுவியிருந்தாலோ, பூச்சிமருந்துப் பாட்டில் கிடந்தாலோ அந்தத் தொட்டி வேண்டாம். குழாயிலிருந்து விழும் தண்ணீரில் நில்லுங்கள், தொட்டியில் தேங்கிய தண்ணீரில் உட்கார வேண்டாம். சோப்பு போட வேண்டிய இடம் அக்குள், இடுக்கு, பின்புறம், கால்விரல் இடை, அவ்வளவுதான். உடம்பு முழுக்க மூன்று வேளை சோப்பு தேய்த்தால் தோல் வறண்டு வேறு விதமாக அரிக்கும். சோப்பு நுரை வயலுக்குப் போகும் வாய்க்காலில் கலக்காமல் ஓரமாக நின்று அலசுவது மரியாதை.

குளித்த பிறகுதான் கவனம் வேண்டும். மொத்தமான டர்க்கி டவலை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். லேசு, உடனே காயும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இடுக்குக்கு ஒரு துண்டு, மற்ற உடம்புக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் கிருமி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகாது. அப்புறம் வேட்டியோ கைலியோ கட்டிக்கொண்டு, உள்ளே எதுவும் போடாமல், இருபது நிமிடம் மரத்தடியில் உட்காருங்கள். நம் உடையில் தோலுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. அக்காவுக்குத் தொளதொளப்பான பருத்திப் பாவாடையோ நைட்டியோ இதே வேலையைச் செய்யும்.

ஆற்றில் குளிக்க ஆசை வரும், தவறில்லை. திருவையாற்றுப் படித்துறை போல ஊர்க்காரர்கள் குளிக்கும் துறையில் மட்டும் இறங்குங்கள். கல்லணைப் பக்கமும் கொள்ளிடத்திலும் தெரியாத இடத்தில் இறங்கவே கூடாது. மணற்பள்ளமும் சுழலும் வெளியே தெரியாது. பச்சை பிடித்த குளம் வேண்டாம். காலில் வெட்டோ கொப்புளமோ இருந்தால் தேங்கிய நீரிலும் வயல் சேற்றிலும் கால் வைக்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரலாம். ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வயல் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, ஷார்ட்ஸ். உட்காரும் இடத்தில் பேட், அதாவது மெத்தை, வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. ஜட்டியின் தையல்தான் முதலில் அறுக்கும், பேட் வைத்ததன் பலனே போய்விடும். துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, சலவை சோப்பைக் கொஞ்சமாகப் போட்டு, வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள். பேடுக்குள் தங்கிய சோப்பும் வியர்வையோடு சேர்ந்து எரிக்கும். முறுக்கிப் பிழிந்தால் பேட் உடையும். காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பேட் பக்கம் சூரியனைப் பார்க்க விரியுங்கள்.

புண் ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் தோலில் இல்லை, சீட்டில் இருக்கிறது. சீட் உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும், தொடை உரசும். பின்னால் ஒருவரை வரச்சொல்லி இடுப்பு ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் கொஞ்சம் இறக்குங்கள். இதைச் சரிசெய்யாமல் எந்தக் களிம்பைப் பூசியும் பயனில்லை.

உராய்வைக் குறைக்க இடுக்கிலும் சீட் படும் இடத்திலும் மெல்லிசாக வாசலின் தடவலாம். காலையில் தடவியதை மதியம் சோப்பு போட்டு எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் இறங்கிவிடும், நெடுநேரம் நிற்காது. ஏற்கெனவே படர்தாமரையோ தேமலோ இருப்பவர்களுக்கு எண்ணெய்ப் பசை எதுவுமே ஆகாது. சைக்கிள் கடையில் விற்கும் பிரத்யேக க்ரீம் நல்லதுதான், விலைதான் அதிகம். பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் உருண்டு உறுத்தும், முழுக்கக் காய்ந்த தோலில் மட்டும் போடுங்கள். கிளம்பும் அன்று இடுக்கில் சவரம் செய்யாதீர்கள். வளரும் முடி உள்ளே மடங்கிக் கட்டியாகும். வேண்டுமானால் கத்திரியால் குறைத்துக்கொள்ளலாம்.

இனி அரிப்பு. கடையில் நான் தினம் பார்ப்பது இது. "அண்ணே, படர்தாமரைக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு, பழைய ட்யூபின் கசங்கிய நுனியைக் காட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பாக இருக்கும். பெயரைப் பார்க்க வேண்டாம், பின்னால் சின்ன எழுத்தில் குளோபெட்டசால் என்றோ பீட்டாமெத்தசோன் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பும் மறையும். ஆனால் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அது அடக்கிவிடுவதால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும், வட்டம் கலைந்து தாறுமாறாகப் படரும், மருத்துவருக்கே அடையாளம் தெரியாதபடி மாறும். மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தொடையில் தோல் மெலிந்து, வெள்ளைக் கோடு விழுந்துவிடுகிறது. அந்தக் கோடு அழியாது. 2018இல் அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டுப் பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. நீங்கள் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதல்முறை வந்த, சின்ன அளவிலான அரிப்புக்குக் குளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பு போதும். காய்ந்த தோலில், சிவந்த ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை, காலையும் இரவும். மறைந்துவிட்டது என்று உடனே நிறுத்தக் கூடாது, அதன் பிறகும் இரண்டு வாரம் போட வேண்டும். அவ்வளவு நாள் பொறுமையாகப் பூசுகிறவர்கள் குறைவு, அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

கால்விரல் இடுக்கில் வருவதும் இதே குடும்பம்தான். நடவு நடுகிற பெண்கள் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசி வந்திருக்கிறார்கள். உங்களுக்கு அது வரக் காரணம் சேறு இல்லை, நனைந்த ஷூ. நான் சொல்வது செருப்பு. பின்வார் உள்ள சாண்டல் போட்டால் நனைந்தாலும் ஓடும்போதே காய்ந்துவிடும். ஷூதான் வேண்டும் என்றால் இரவில் பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணியுங்கள், படுக்கும் முன் ஒருமுறை மாற்றுங்கள்.

தையில் சம்பா அறுவடை நடக்கும். இது பெரிய ஊர்களிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் கணக்கிலேயே எடுக்காத விஷயம். அறுவடை மெஷின் ஓடும் வயலைத் தாண்டினால் காற்று முழுக்கச் சுணை, அதாவது நெல்லிலிருந்து பறக்கும் அரிக்கும் தூசி. ரோட்டிலேயே நெல்லையும் வைக்கோலையும் காயவைத்திருப்பார்கள். சுணை வியர்வையில் ஒட்டினால் கழுத்தும் முழங்கை மடிப்பும் பற்றி எரிவது போல அரிக்கும். அப்போது துண்டால் துடைக்காதீர்கள், துடைத்தால் இன்னும் உள்ளே குத்தும். முதலில் தண்ணீரை ஊற்றி ஓட விடுங்கள், பிறகு சோப்பு. முழுக்கைச் சட்டையும் கழுத்தைச் சுற்றி ஒரு துணியும் வெயிலுக்கும் ஆகும், சுணைக்கும் ஆகும். அரிப்பு அடங்காவிட்டால் காலமைன் லோஷன் தடவலாம்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு ஆளும் வருவார். அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு பூச்சி, பார்க்கப் பெரிய எறும்பு மாதிரி. தலை கறுப்பு, நடு உடம்பு ஆரஞ்சு, வால் நுனி மறுபடி கறுப்பு. வயலில் பயிரை அழிக்கும் புகையான் பூச்சியைத் தின்று விவசாயிக்கு நல்லது செய்கிற பூச்சி அது, கடிக்காது, கொட்டாது. இரவில் லைட்டுக்கு வரும். கழுத்தில் ஊர்வது தெரிந்து அனிச்சையாக நசுக்கிவிட்டால்தான் வினை. அதன் உடம்பில் உள்ள நீர் பட்ட இடமெல்லாம் மறுநாள் கோடு கிழித்தாற்போல் சிவந்து, எரிந்து, கொப்புளம் கட்டும். அக்கி என்று நினைத்து நம் ஊரில் காவியால் எழுதப் போவதும் உண்டு. ஊர்வதைப் பார்த்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். வயலோரம் உள்ள ரூமில் தங்கினால் ஜன்னலை மூடி, படுக்கைக்கு மேல் எரியும் லைட்டை அணைத்து, படுக்கும் முன் விரிப்பை உதறுங்கள். கண்ணருகில் பட்டால் கண் மருத்துவரிடம் போக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

திருத்துறைப்பூண்டி தாண்டினால் தண்ணீரின் குணம் மாறும். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு, சோப்பு நுரைக்காது, குளித்தாலும் பிசுபிசுப்பு போகாது. உப்பு நீரிலேயே குளித்துவிட்டு, கடைசியில் இரண்டு சொம்பு நல்ல தண்ணீரை இடுக்கிலும் அக்குளிலும் ஊற்றிக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸின் கடைசி அலசலும் நல்ல தண்ணீரில்தான். இல்லையென்றால் துணியில் உப்பு படிந்து உப்புத்தாள் போல அறுக்கும். கோடியக்கரையில் கடலில் இறங்கினாலும் அப்படியே சைக்கிளில் ஏறாதீர்கள். வேதாரண்யம் உப்பளங்களைக் கடக்கும்போது வெயில் மேலிருந்தும் வரும், வெள்ளை உப்பிலிருந்து எதிரொளித்தும் வரும். தாடையின் அடிப்பக்கம், மூக்கின் அடி, காது இங்கெல்லாம் சன்ஸ்கிரீன் தேவை. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வியர்க்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை. புருவத்துக்கு மேல் அதிகம் பூசினால் வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியும், அந்த இடத்தைத் தொப்பிக்கு விட்டுவிடுங்கள்.

அக்காவுக்குத் தனியாகச் சில. வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர்க் கடுப்பு அங்கேதான் தொடங்குகிறது. குடிப்பதைக் குறைக்க வேண்டாம், இடத்தைத் திட்டமிடுங்கள். பெரிய சாலையில் பெட்ரோல் பங்க், ஊருக்குள் பேருந்து நிலையம், கோயில், கல்யாண மண்டபம். இவை எதுவும் இல்லாத கிராமத்தில், திண்ணையில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டில் "அக்கா, பாத்ரூம் போய்க்கலாமா?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். காலைக் கழுவத் தண்ணீரும் தந்து, மோரும் தருவார்கள். மாதவிடாய் நாளில் நாப்கினின் பிளாஸ்டிக் ஓரம் தொடையை அறுத்துவிடும். பேட் வைத்த ஷார்ட்ஸோடு அது ஒத்தே போகாது. கப் பழகியவர்களுக்குச் சைக்கிளில் அதுதான் சௌகரியம், 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் காலி செய்து கழுவினால் போதும். ஆனால் பயணத்தில் முதல்முறையாக முயல வேண்டாம், முந்தைய மாதமே வீட்டில் பழகியிருக்க வேண்டும். நாப்கின்தான் என்றால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றி, பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டி வரும்வரை தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தம்பியாகிய நீங்களும் தெரிந்துகொண்டு, நிறுத்தச் சொல்லும் இடத்தில் கேள்வி கேட்காமல் நிறுத்துங்கள்.

செயின் கிரீஸ் கையில் பட்டால் சானிடைசரால் போகாது. நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, துடைத்து, அப்புறம் சோப்பு. இலையில் கையால் சாப்பிடுகிறவர்கள் நாம், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் பாட்டிலின் வாய்ப்பகுதியையும் மறக்கக் கூடாது. சாலையில் கிடக்கும் சாணி சக்கரத்தில் பட்டு நேரே அங்கேதான் தெறிக்கும். மூடியுள்ள பாட்டிலாக வாங்குங்கள்.

விழுந்து சிராய்ப்பு ஏற்பட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் விட்டு மண், கல் துகள் போகும்வரை கழுவுங்கள். காப்பிப்பொடி, மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், உள்ளே கிருமியை அடைத்து வைப்பது போலத்தான் அது. மெல்லிசாக வாசலின் தடவி, காஸ் துணி வைத்துக் கட்டி, தினம் மாற்றுங்கள். டெட்டனஸ் தடுப்புக்கான டிடி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், மண் புகுந்த காயத்துக்கு வழியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். சீட்டில் வரும் கட்டியைப் பிதுக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒருநாள் ஓய்வு. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இடுக்கில் நெறி கட்டினாலோ சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

கடைசியாக உங்கள் பழைய அரிப்பு. இன்னும் இருக்கிறது என்று எழுதியிருப்பதால், களிம்பு எதையும் நீங்களாக வாங்காமல் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை பூசிய ட்யூபுகளைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் அது பல வாரம் போக வேண்டியிருக்கும். அந்த நாட்களில் வீட்டில் உங்கள் துண்டையும் உள்ளாடையையும் தனியாக வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களும் சேர்ந்து காட்டிக்கொள்ள வேண்டும். பொங்கலுக்குள் முழுக்க ஆறாவிட்டால் பயணத்தை மாசிக்குத் தள்ளிவையுங்கள். கோடியக்கரைக்கு வரும் பூநாரைகள் அப்போது கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஆனால் அப்போது பனி குறைந்து துணி இன்னும் சீக்கிரம் காயும்.